நாடிழந்த தளபதி: டெனிகினின் 27 ஆண்டுகள்

1920 ஏப்ரல் 4. கிரிமியாவின் பியோதோசியா துறைமுக நகரில், ரஷ்ய உள்நாட்டுப் போரில் போல்ஷெவிக்குகளின் செம்படையை எதிர்த்த வெள்ளைப்படையின் தெற்குப் பிரிவான தென் ரஷ்ய ஆயுதப்படைகளின் தலைமைத் தளபதி அன்டோன் டெனிகின் தன் பொறுப்பைப் பரோன் ராங்கெலிடம் ஒப்படைக்கும் உத்தரவில் கையெழுத்திட்டுவிட்டு அன்று மாலையே கப்பலேறினார். ஆறு மாதத்துக்கு முன்பு அவருடைய படை ஓரியோல் நகரைப் பிடித்திருந்தது. அங்கிருந்து மாஸ்கோ ஏறக்குறைய 350 கிலோமீட்டர்தான். கப்பலேறிய அன்று அவருடைய குடும்பத்தின் மொத்தச் சேமிப்பையும் வெளிநாட்டுப் பணமாக மாற்றிப் பார்த்தால் 13 பவுண்டுகூடத் தேறவில்லை.

அந்நிய நாட்டோடு போரிட்டுத் தோற்ற தளபதிக்குத் திரும்பிப் போக வீடு இருக்கும், மாதாமாதம் ஓய்வூதியம் வரும். உள்நாட்டுப் போரில் தோற்றவருக்கு அந்த ஓய்வூதியத்தைத் தரவேண்டிய கருவூலமே எதிரியின் கையில் இருக்கிறது. குடியுரிமை, பட்டம், நிலம் எல்லாம் ஒரே அரசாணையில் போய்விடும். போதாக்குறைக்கு அவருக்குக் கீழே போரிட்ட ஆயிரக்கணக்கானவர்களும் அதே ஊர்களில் அகதிகளாக வந்து இறங்கியிருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் அவரைத் தலைவர் என்பார்கள், மீதிப் பேர் எல்லாம் கெட்டதே இவரால்தான் என்பார்கள். டெனிகின் இந்த நிலையில் 27 ஆண்டுகள் வாழ்ந்து, 74 வயதில் மாரடைப்பில் இறந்தார். அவருடைய சகாக்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் அது எவ்வளவு அபூர்வமான முடிவு என்பது தெரியும்.

தோல்வியின் கதை சுருக்கமாக. டெனிகின் பிரபு குலத்தவர் அல்லர். அவருடைய தந்தை பண்ணையடிமையாகப் பிறந்து, கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டு, கடைசியில் மேஜராக ஓய்வு பெற்றவர். மகன் முதல் உலகப் போரில் ‘இரும்புப் படைப்பிரிவு’ என்று பெயரெடுத்த அணிக்குத் தலைமை தாங்கினார். 1917இல், ஜார் வீழ்ந்தபின் வந்த இடைக்கால அரசுக்கு எதிராகத் தளபதி கார்னிலோவ் செய்த கலகத்தை ஆதரித்ததால் பீஹவ் சிறையில் அடைக்கப்பட்டு, போலந்துக்காரர் ஒருவரின் பெயரில் போலி அடையாளத்தாளோடு தெற்கே தப்பினார். 1918 ஏப்ரலில் எகாதெரினதாருக்கு வெளியே ஒரு பண்ணைவீட்டில் குண்டு விழுந்து கார்னிலோவ் இறந்ததும், தெற்கில் போல்ஷெவிக்குகளுக்கு எதிராகத் திரண்டிருந்த தன்னார்வப் படை டெனிகின் கைக்கு வந்தது.

1919 ஜூலை 3 அன்று வோல்கா கரையிலுள்ள த்ஸாரித்ஸின் நகரில் அவர் பிறப்பித்த ‘மாஸ்கோ உத்தரவு’ இன்றுவரை விவாதப்பொருள். மூன்று படைகள், மூன்று பாதைகள், எல்லாவற்றுக்கும் இலக்கு மாஸ்கோ. முன்னேற முன்னேற போர்முனை அகன்றுகொண்டே போனது, அதை நிரப்ப ஆளில்லை, கையிருப்பில் ஒரு படைப்பிரிவும் இல்லை. பின்புறத்தில் உக்ரைன் அராஜகவாதி மக்னோவின் விவசாயப் படை ரயில்பாதையையும் கிடங்குகளையும் அடித்துக்கொண்டிருந்தது. நிலம் யாருக்கு என்ற கேள்விக்கு விவசாயிக்குப் பதில் சொல்லவில்லை. ‘ஒன்றுபட்ட, பிரிக்கமுடியாத ரஷ்யா’ என்ற முழக்கம் போலந்துக்காரரையும் உக்ரைனியரையும் குபான் பகுதியின் கசாக் போர்வீரச் சமூகத்தையும் விலக்கிவைத்தது. இதையெல்லாம்விடக் கனமான குற்றச்சாட்டு ஒன்று உண்டு: 1919 இலையுதிர்காலத்தில் ஃபாஸ்தோவ் உள்ளிட்ட உக்ரைன் ஊர்களில் அவருடைய துருப்புகள் யூதர்களைக் கொன்று கொள்ளையடித்தன. அவர் அதைக் கண்டித்து ஆணைகள் போட்டார், ஆனால் ஆணையை மீறிய அதிகாரிகளைத் தண்டித்து நிறுத்தவில்லை. கட்டளைக்குக் கீழ்ப்படியாத படையை வைத்துக்கொண்டு தலைநகரைப் பிடிக்கப் போனவர் என்பதே அவரைப் பற்றிய நியாயமான மதிப்பீடு. 1920 மார்ச் இறுதியில் நொவொரோஸிஸ்க் துறைமுகத்தில் கப்பல் போதாமல் குதிரைகளையும் பீரங்கிகளையும் ஆயிரக்கணக்கான வீரர்களையும் கரையிலேயே விட்டுவிட்டு வந்தபோது, சொந்த அதிகாரிகளிடமே அவருக்கு மரியாதை போய்விட்டது.

அந்த வெறுப்பின் முதல் பலி மறுநாளே விழுந்தது. ஏப்ரல் 5 அன்று கான்ஸ்டான்டிநோபிளில் ரஷ்யத் தூதரகக் கட்டடத்துக்குள்ளேயே, டெனிகினின் படைத்தலைமை அதிகாரியாக இருந்தவரும் நெருங்கிய நண்பருமான ரொமானோவ்ஸ்கி சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் செம்படைக்காரர் அல்லர், வெள்ளைப்படை அதிகாரி. தோல்விக்குக் காரணம் ரொமானோவ்ஸ்கி என்ற வதந்தி மாதக்கணக்கில் முகாம்களில் ஓடிக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் துருப்புகளின் பாதுகாப்பில் டெனிகின் குடும்பத்தோடு தூதரகத்தை விட்டு வெளியேறி, ‘மார்ல்பரோ’ என்ற போர்க்கப்பலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு சாகும்வரை எந்தப் படைக்கும் எந்த அமைப்புக்கும் தலைமை ஏற்கவில்லை. அதைத் தியாகம் என்று சிலர் எழுதுகிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி, அவரைத் தலைமைக்குக் கூப்பிட யாரும் இல்லை என்பது.

இங்கிலாந்தில் நான்கு மாதம்தான். லண்டன் மாஸ்கோவோடு பேச்சுவார்த்தைக்கு இறங்கியதை எதிர்த்து, 1920 ஆகஸ்டில் பெல்ஜியத்துக்குப் போனார். 1922இல் ஹங்கேரி, 1925இல் மறுபடி பிரஸ்ஸல்ஸ், 1926 வசந்தத்தில் பிரான்ஸ். ஹங்கேரியிலேயே மூன்று ஆண்டில் மூன்று இடம்: ஷொப்ரோன், புடாபெஸ்ட், பிறகு பாலட்டன் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். இந்த அலைச்சலுக்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் வீட்டுவாடகைக் கணக்கு. போருக்குப் பின் ஹங்கேரி நாணயம் மதிப்பிழந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுப் பணம் கொஞ்சம் கையில் வைத்திருப்பவர் அங்கே மலிவாகக் காலம் தள்ளலாம். எழுத்தை நம்பி வாழ முடிவெடுத்தவருக்கு அதுதான் தோதான இடம்.

காகிதச் சிக்கல் அதைவிடப் பெரியது. 1921 டிசம்பரில் சோவியத் அரசு ஆணை பிறப்பித்து, நாட்டைவிட்டுப் போன லட்சக்கணக்கானவர்களின் குடியுரிமையைப் பறித்தது. அவர்களுக்காக 1922இல், சர்வதேச சங்கத்தின் அகதிகள் ஆணையர் நான்செனின் பெயரில் நான்சென் சான்றிதழ் வந்தது. அதைப் பாஸ்போர்ட் என்று அழைத்தாலும் அது ஓர் அடையாளத்தாள் மட்டுமே. எந்த நாடு கொடுத்ததோ அந்த நாட்டுக்கே திரும்பி வரும் உரிமையைக்கூட ஆரம்பத்தில் அது தரவில்லை. எல்லை தாண்ட ஒவ்வொரு முறையும் தனி விசா. 1926 முதல் 5 தங்க ஃபிராங்க் மதிப்புள்ள முத்திரைத்தலை வாங்கி ஒட்ட வேண்டும். பிரான்ஸில் வேலை செய்யத் தனி அட்டை வேண்டும். 1932இல் பிரெஞ்சுச் சட்டம் ஒவ்வொரு தொழிலிலும் வெளிநாட்டவரின் விகிதத்துக்கு உச்சவரம்பு கொண்டுவந்ததும் அந்த அட்டை கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. படைப்பிரிவுகளை நடத்திய கர்னல்கள் பாரிஸில் டாக்ஸி ஓட்டினார்கள், பில்லான்கூர் ரெனோ ஆலையில் உலோகம் வெட்டினார்கள்.

டெனிகின் செய்தது வேறு வேலை. 1921 முதல் 1926 வரை ஐந்து தொகுதிகளில் உள்நாட்டுப் போரின் வரலாற்றை எழுதினார். முதல் இரண்டும் பாரிஸில் வந்தன. மற்ற மூன்றையும் பெர்லினிலிருந்த ரஷ்யப் பதிப்பகங்கள் வெளியிட்டன. ஞாபகத்திலிருந்து எழுதிய சுயசரிதை என்று நினைத்து எடுப்பவர்கள் ஏமாறுவார்கள். உத்தரவுகள், தந்திகள், படைக்கணக்குகளை வைத்துக்கொண்டு எழுதியது அது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் சுருக்கப் பதிப்புகள் வந்து கொஞ்சம் பணமும் தந்தன. அதை வாசிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. படை நகர்வுகளில் அவர் நம்பகமானவர், சொந்தப் பக்கத்தின் கொள்ளையையும் குடியையும் மறைக்காமல் எழுதுகிறார். உக்ரைனிய இயக்கத்தைப் பற்றியும் குபான் சட்டமன்றத்தை அடக்கியதைப் பற்றியும் பேசும் இடங்களில் பழைய தளபதிதான் பேசுகிறார். யூதப் படுகொலைகளை ஒப்புக்கொள்கிறார், ஆனால் காரணத்தை எல்லாத் திசையிலும் தேடுகிறார், தன் மேசையைத் தவிர.

இனி, அவர் விலகி நின்ற அமைப்பு. கிரிமியாவிலிருந்து 1920 நவம்பரில் 126 கப்பல்களில் ஏறத்தாழ 1,46,000 பேரை வெளியேற்றிய ராங்கெல், படையைக் கலைக்க மறுத்தார். 1924 செப்டம்பர் 1 அன்று அதை ‘ரஷ்யப் பொதுப் படைவீரர் சங்கம்’ என்று மாற்றினார். வெளியே பார்க்க ஓய்வுபெற்ற வீரர்களின் சங்கம், உள்ளே படிநிலையும் பிரிவுகளும் அப்படியே இருந்த ராணுவம். அழைப்பு வந்தால் மறுபடி அணிவகுக்கலாம் என்பது எண்ணம். இப்படி ஒன்று இருக்கும்வரை மாஸ்கோ சும்மா இருக்காது. 1921இலிருந்தே சோவியத் உளவுத்துறை ‘டிரஸ்ட்’ என்ற பெயரில் ஒரு போலி முடியாட்சி அமைப்பை நடத்தி, வெளிநாட்டிலிருந்த வெள்ளையரை நம்பவைத்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. 1927இல் அது அம்பலமானது. மறு ஆண்டு ஏப்ரலில் ராங்கெல் பிரஸ்ஸல்ஸில் 49 வயதில் நோயில் இறந்தார். அடுத்த தலைவர் குத்தெபோவ். எல்லையைத் தாண்டி ஆள் அனுப்பிக் குண்டு வைப்பதில் நம்பிக்கையுள்ளவர்.

குத்தெபோவுக்குக் காவல் இருந்தது. டாக்ஸி ஓட்டும் அவருடைய பழைய அதிகாரிகள் முறைவைத்துக்கொண்டு, காசு வாங்காமல், அவரைத் தங்கள் வண்டியில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையாவது அவர்கள் ஓய்வெடுக்கட்டும் என்று அன்று மட்டும் அவர் நடந்து போவார். காவலில் ஓட்டை விழுந்தது அங்கேதான். 1930 ஜனவரி 26 ஞாயிறு காலை தேவாலயத்துக்குக் கிளம்பினார். ஊதினோ தெருவும் ரூஸலே தெருவும் சேரும் மூலையில் ஒரு சாம்பல்பச்சை நிறக் கார், பின்னால் ஒரு சிவப்பு டாக்ஸி, பக்கத்தில் போலீஸ் சீருடையில் ஒருவர். இருவர் அவரைப் பிடித்துக் காருக்குள் தள்ளினார்கள். எதிரே மருத்துவமனை ஊழியர் ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் போலீஸ்காரர் நிற்பதால் ஏதோ கைது நடக்கிறது என்று விட்டுவிட்டார். குத்தெபோவ் மாஸ்கோவுக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை. 35 ஆண்டு கழித்து, 1965இல், சோவியத் ராணுவ நாளேடு ஒன்று பழைய உளவு அதிகாரி ஒருவரைப் பாராட்டும்போது இந்தக் கடத்தலில் அவருடைய பங்கையும் சேர்த்துப் புகழ்ந்து, உண்மையை உடைத்துவிட்டது.

அடுத்த தலைவர் மில்லர் எச்சரிக்கையானவர், குண்டுவைப்பில் ஆர்வமில்லாதவர். அவரைச் சுற்றி வலை உள்ளிருந்தே பின்னப்பட்டது. கார்னிலோவ் படைப்பிரிவின் தளபதியாக இருந்த ஸ்கோப்லின், அவருடைய மனைவியும் புகழ்பெற்ற பாடகியுமான ப்ளெவித்ஸ்காயா, இருவரும் 1930இல் சோவியத் உளவுத்துறையின் சம்பளப் பட்டியலில் சேர்ந்தார்கள். மாதம் 200 டாலர். சங்கத்தின் தலைமையகம் பாரிஸ் கொலிஸே தெரு 29ஆம் எண் கட்டடம். அதே கட்டடத்தின் மேல்தளத்தில் குடியிருந்த த்ரெத்யாகோவ், 1917 இடைக்கால அரசில் அமைச்சராக இருந்தவர், இப்போது அவரும் சோவியத் முகவர். 1934 முதல் சங்க அலுவலக அறைகளில் ஒலிவாங்கி பொருத்தி, மேலே காதில் கருவியை மாட்டிக்கொண்டு பேச்சையெல்லாம் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்.

1937 செப்டம்பர் 22. ஸ்கோப்லின், இரண்டு ஜெர்மன் அதிகாரிகளைச் சந்திக்கலாம் என்று மில்லரை அழைத்தார். நேரம் பகல் 12:30, இடம் ஜாஸ்மின் தெருவும் ராஃபே தெருவும் சேரும் மூலை. மில்லருக்குச் சந்தேகம் இருந்தது. இது பொறியாகவும் இருக்கலாம், ஏற்பாடு செய்தது ஸ்கோப்லின் என்று ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு, தான் திரும்பாவிட்டால் திறக்கும்படி செயலாளர் குஸோன்ஸ்கியிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஏற்பாடு சரிதான். ஆனால் எத்தனை மணிக்குத் திறப்பது என்று சொல்லவில்லை. குஸோன்ஸ்கி உறையை மறந்தேபோனார், இரவு 11 மணி வாக்கில்தான் திறந்தார். அதற்குள் சோவியத் தூதரக வண்டியில் வந்த பெரிய மரப்பெட்டி ஒன்று லெ ஹாவ்ர் துறைமுகத்தில் ‘மரியா உல்யானோவா’ கப்பலில் ஏறி, கப்பலும் புறப்பட்டிருந்தது. இங்கே ஸ்கோப்லினைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினார்கள். போலீஸுக்குப் போகலாம் என்று முடிவெடுத்த குஸோன்ஸ்கியும் சங்கத்தின் துணைத்தலைவரும் தனியே ஒரு நிமிடம் கலந்து பேசிய இடைவெளியில், அவர் அறையைவிட்டு நழுவினார். தெருவில் தேடினார்கள். அவர் படியேறி மேலே த்ரெத்யாகோவ் வீட்டில் ஒளிந்தார் என்பது பின்னால் வெளிவந்த கணக்கு. மில்லர் மாஸ்கோ சிறையில் 1939 மே 11 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ப்ளெவித்ஸ்காயாவுக்கு பிரெஞ்சு நீதிமன்றம் 20 ஆண்டு விதித்தது. 1940இல் ரென் நகரச் சிறையில் இறந்தார்.

இதில் டெனிகின் எங்கே வருகிறார்? அதே செப்டம்பரில், கார்னிலோவ் படைப்பிரிவின் 20ஆம் ஆண்டு விழாவை ஒட்டி, பிரஸ்ஸல்ஸுக்குத் தன் காரிலேயே கூட்டிப்போகிறேன் என்று ஸ்கோப்லின் அவரையும் அழைத்தார். டெனிகின் மறுத்துவிட்டார். மில்லர் காணாமல்போன அதே நாளில் ஸ்கோப்லின் வேறு இரண்டு பேரோடு டெனிகின் வீட்டுக்கும் போனார், பாரிஸில் நடந்த விழாவுக்கு வந்ததற்கு நன்றி சொல்ல. 1938 டிசம்பரில் ப்ளெவித்ஸ்காயா வழக்கில் சாட்சிக்கூண்டில் ஏறிய டெனிகின், ஸ்கோப்லினை 1927 முதலே தான் நம்பவில்லை என்று சொன்னார். சந்தேகம் மில்லருக்கும் இருந்தது. வித்தியாசம், மில்லர் ஒரு அமைப்பின் தலைவர். ஜெர்மன் அதிகாரிகள் பேச வருகிறார்கள் என்றால் சந்தேகத்தோடாவது போய்த்தான் ஆகவேண்டும். டெனிகினுக்கு யாரையும் சந்திக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கையில் அமைப்பு இல்லாதவரைக் கடத்துவதில் மாஸ்கோவுக்கும் லாபம் குறைவு.

1930களில் அவருடைய வருமானம் நூல்களும் பாரிஸ் மண்டபங்களில் நடத்திய சொற்பொழிவுகளும்தான். கோடையில் அட்லாண்டிக் கரையில் காப்ப்ரெத்தோன் என்ற ஊர். அங்கே கவிஞர் பால்மொன்தும் எழுத்தாளர் ஷ்மெல்யோவும் பக்கத்து வீட்டுக்காரர்கள். சொற்பொழிவில் திரும்பத் திரும்ப ஒரே வாதம்: போல்ஷெவிக் ஆட்சி போக வேண்டும், ஆனால் ஹிட்லரோடு சேர்ந்து ரஷ்யாவுக்குள் நுழைவது துரோகம். செம்படை முதலில் ஜெர்மானியரை விரட்டட்டும், பிறகு தன் ஆட்சியாளர்களை விரட்டட்டும் என்பது அவர் நம்பிக்கை. முதல் பாதி நடந்தது. இரண்டாம் பாதி வெறும் கனவு என்று அன்றைக்கே இடதும் வலதும் சேர்ந்து கேலி செய்தன. ஜெர்மன் உதவியோடு ஊர் திரும்பலாம் என்று கணக்குப் போட்ட புலம்பெயர்ந்த அதிகாரிகள் பலர் இந்தப் பேச்சுக்காகவே அவரை விட்டு விலகினார்கள்.

1940 ஜூனில் பாரிஸ் விழப்போகிறது என்றதும் டாக்ஸி ஓட்டிய ஒரு பழைய கர்னலின் வண்டியில் தெற்கே ஓடி, லாந்து பகுதியின் மிமிஸான் கிராமத்தில் தங்கினார். ஆக்கிரமிப்பு அதிகாரிகள் ரஷ்ய அகதிகளை ‘நாடற்றவர்’ என்று பதிவு செய்யச் சொன்னபோது மறுத்தார். தான் ரஷ்யப் பேரரசின் குடிமகன், அந்த உரிமையை யாரும் தன்னிடமிருந்து பறிக்கவில்லை என்பது அவருடைய சட்டவாதம். இல்லாத ஒரு நாட்டின் குடிமகன்! 1941 ஜூனில் சோவியத் மீது ஜெர்மனி பாய்ந்தபோது அவர் மனைவி ஸீனியாவைப் பிடித்துப்போய் இரண்டு வாரம் முகாமில் வைத்தார்கள். பிறகு ஜெர்மன் அதிகாரிகளே வந்து பெர்லினுக்கு வரலாம், வசதியாக உட்கார்ந்து எழுதலாம் என்றார்கள். வரவில்லை என்றார். காய்கறித் தோட்டம் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தார்.

டான் கசாக்குகளின் பழைய தளபதி க்ராஸ்னோவ் எதிர்ப் பாதையில் போனார். ஜெர்மானியருக்காகக் கசாக் படை திரட்டியவர், 1945இல் ஆஸ்திரியாவின் லியென்ஸ் அருகே பிரிட்டிஷாரிடம் சரணடைந்தார். அவர்கள் அவரைச் சோவியத்திடம் ஒப்படைத்தார்கள். 1947 ஜனவரி 16 அன்று, 77 வயதில், மாஸ்கோவில் தூக்கிலிடப்பட்டார்.

போருக்குப் பின் பிரான்ஸில் சோவியத் செல்வாக்கு ஏறியிருந்தது, அகதிகளைத் திருப்பி அனுப்பும் வேலை மும்முரமாக நடந்தது. 1945 டிசம்பரில் டெனிகினும் ஸீனியாவும் நியூயார்க் போய் இறங்கினார்கள். மகள் மரீனா பிரான்ஸிலேயே தங்கிவிட்டார். 1946 ஜனவரி இறுதியில் ஐசன்ஹோவருக்கு ஒரு கடிதம் எழுதி, அகதிகளையும் கைதிகளையும் கட்டாயமாகச் சோவியத்திடம் ஒப்படைப்பதை நிறுத்தக் கோரினார். மற்ற நாட்களில் நியூயார்க் பொது நூலகத்தின் ஸ்லாவியப் பிரிவில் உட்கார்ந்து, இளமைக்காலம் பற்றிய நூலை எழுதிக்கொண்டிருந்தார். அது முடியவில்லை. 1919இன் படுகொலைகள் பற்றிய கேள்வி அமெரிக்காவுக்கும் அவரைத் தொடர்ந்து வந்தது. 1947 கோடையில் மிஷிகனில் நண்பரின் பண்ணைக்குப் போனவர், ஆகஸ்ட் 7 அன்று ஆன் ஆர்பர் மருத்துவமனையில் இறந்தார்.

முதலில் டெட்ராய்ட்டில் புதைத்தார்கள், 1952இல் நியூஜெர்ஸியின் ரஷ்யக் கல்லறைக்கு மாற்றினார்கள், 2005 அக்டோபர் 3 அன்று மாஸ்கோவின் தோன்ஸ்கோய் மடாலயத்தில் அரசு மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்தார்கள். அவருடைய ஆவணங்கள் அதற்கு வெகுகாலம் முன்பே மாஸ்கோ போய்விட்டன. 1930களில் பாதுகாப்புக்காகப் பிராக்கிலிருந்த ரஷ்ய வரலாற்று ஆவணக் காப்பகத்துக்கு அவர் கொடுத்துவைத்த தாள்களை, 1946 ஜனவரியில் செக்கோஸ்லோவாக்கியா காப்பகத்தோடு சேர்த்துச் சோவியத்துக்கு அன்பளிப்பாக அனுப்பிவிட்டது. பல ஆண்டுகள் அவை பூட்டிக் கிடந்தன. புலம்பெயர்ந்தோர் பற்றித் தகவல் எடுக்கச் சோவியத் பாதுகாப்புத்துறை அந்தக் காப்பகத்தைப் பயன்படுத்திக்கொண்டது. இன்று டெனிகினைப் பற்றி எழுத உட்காருபவர் இரண்டு ஊருக்குப் போகவேண்டும்: போர்க்கால ஆவணங்களுக்கு மாஸ்கோவின் அரசு ஆவணக் காப்பகம், புலம்பெயர் காலத்துத் தாள்களுக்கு நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பக்மேத்யெவ் காப்பகம்.